திருப்பிச் சொல்லாத பாதி

அந்த வார்டில் காலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். கூட்டம் என்றால் நாற்காலி, மேஜை, தண்ணீர் பாட்டில் எல்லாம் கிடையாது. மருந்து அறைக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் எட்டுப் பேர் வட்டமாக நிற்பார்கள். ராத்திரி டியூட்டி முடித்தவர்கள் சொல்வார்கள், பகல் டியூட்டிக்கு வந்தவர்கள் கேட்பார்கள். உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துவிடும் என்று நின்றுகொண்டே நடத்தச் சொன்னது மேலிடத்தில் இருக்கிற யாரோ ஒரு புண்ணியவான். அவர் ஒரு ராத்திரி முழுக்கக் காலில் நின்றவரில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கூட்டத்துக்குப் பத்தே நிமிஷம். வார்டுப் பொறுப்பில் இருக்கும் பெரிய சிஸ்டர் இடுப்பில் ஒரு டைமரைச் செருகிக்கொண்டு வருவார். சமையலறையில் முட்டை வேகவைக்கும்போது வைப்பார்களே, அதேதான். பத்தாவது நிமிஷம் அது கத்தும். கத்தியதும், யார் வாயில் எந்த வார்த்தை பாதியில் நின்றாலும் சரி, ஆளுக்கொரு பக்கம் போய்விட வேண்டும். பதினோரு வருஷத்தில் அது கத்திய பிறகு யாரும் அங்கே நின்றதில்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "நாலாம் பெட்டுக்கு பத்து மணி வரைக்கும் தண்ணிகூடக் கிடையாது" என்று ஒருவர் சொன்னால், அதை ஏற்றுக்கொள்கிறவர் "நாலாம் பெட்டுக்கு பத்து மணி வரைக்கும் தண்ணிகூடக் கிடையாது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. "உம்" என்றாலும் செல்லாது. திருப்பிச் சொல்லாத விஷயம் சொல்லப்படாத விஷயம் என்று பெரிய சிஸ்டர் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒட்டி எட்டு வருஷம் ஆகிறது. ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது.

திருப்பிச் சொல்வதில் கிளியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பத்தொன்பது வருஷ நர்ஸ். பத்துக் கட்டில் விவரத்தையும் மூச்சுவிடாமல் சொன்னாலும், மருந்து, அளவு, நேரம், நடுவில் வந்த இருமல் தவிர எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்துவிடுவாள். அதனால்தான் கிளி. பேர் வைத்தவள் வாண்டு.

வாண்டும் அதே வார்டில் நர்ஸ்தான். வயது முப்பத்தெட்டு, உயரத்தைப் பார்த்து யாரும் நம்பமாட்டார்கள். மேல்தட்டு மருந்தை எடுக்க அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் முக்காலி உண்டு. வட்டத்தில் எப்போதும் கிளிக்கு இடது பக்கம் நிற்பாள். கிளி திருப்பிச் சொல்ல ஆரம்பித்ததும் யாருக்கும் தெரியாமல் அவள் விலாவில் ஒற்றை விரலால் ஒரு குத்து. கிளி சிரித்துவிட வேண்டும், ஒரு வார்த்தையாவது தவற வேண்டும், அதுதான் ஆசை. ஏழு வருஷமாகக் குத்திப் பார்த்தாள். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. கூட்டம் கலைந்து மருந்து அறைக்குள் போன பிறகுதான் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் வாண்டு ஏழு மணிக்கு வரவில்லை. பெரிய சிஸ்டர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் 'லேட்' என்று எழுதிவிட்டு டைமரைத் திருகினார். வாண்டு அந்த நேரத்தில் மேம்பாலத்து இறக்கத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து கிடந்தாள். லாரிக்காரன் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பெரிய சிஸ்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே சொன்னார்.

"நேத்து மத்தியானம் வாண்டு செத்துப்போயிட்டா. அவளோட நாலு பெட்டையும் கிளி சேத்துப் பாத்துக்கணும். அடுத்தது, ஆக்சிஜன் சிலிண்டர் ரெண்டு காலி."

"வாண்டுவோட நாலு பெட்டையும் நான் சேத்துப் பாத்துக்கறேன்" என்றாள் கிளி.

பெரிய சிஸ்டர் தாளில் ஒரு டிக் போட்டார். கூட்டம் சிலிண்டருக்குப் போய்விட்டது. அன்றைக்கு டைமர் கத்த இரண்டு நிமிஷம் மிச்சமே இருந்தது.

அன்றிலிருந்து கிளிக்கு எதுவும் உறைக்கவில்லை. அடக்கத்துக்குப் போனாள். வாண்டுவின் அம்மா அவள் தோளைக் கட்டிக்கொண்டு கதறியபோது, இவள் அந்த அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிஷத்துக்கு இருபத்தாறு. கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்தாள், அவ்வளவுதான். அழுகை வரும் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதும் மறந்துபோயிற்று. கொதிக்கிற டீயைக் குடித்து நாக்கு வெந்ததுகூட, மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் தெரிந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் முன்னைவிடச் சுத்தமாகச் செய்தாள். காலைக் கூட்டத்தில் அவளுக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது. யாரும் அதில் நகர்ந்து நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று யாரும் பேசவுமில்லை. கால் கடுக்க நிற்கிறவர்களுக்கு அலமாரியில் சாய இடம் கிடைப்பது பெரிய விஷயம். இருந்தும் அந்த இடம் அப்படியே கிடந்தது.

அப்படியே மூன்று வாரம் ஓடி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள் கிளிக்கு விடுமுறை. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் புதிதாக வந்திருந்த இரண்டு பெண்களையும் அவள் பார்த்ததே இல்லை. ஒருத்தி, இடுப்பெலும்பு உடைந்து வந்த தையல்காரம்மா. இன்னொருத்தி, காலில் ஆறாத புண்ணோடு வந்த கண்டக்டர் அம்மா. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதிவிட்டு ஓய்வு பெற்றவள். சர்க்கரை வியாதி கண்டக்டர் அம்மாவுக்குத்தான். காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் பன்னிரண்டு யூனிட் இன்சுலின் அவளுக்குத்தான்.

ராத்திரி டியூட்டி பார்த்தவர் பிரதர். ஆண் நர்ஸ் என்றால் எல்லா வார்டிலும் பிரதர்தான், அவருக்கு வேறு பேர் தேவைப்படவில்லை. வீட்டில் ஐந்து மாத இரட்டைக் குழந்தைகள். ராத்திரியில் இங்கே தூக்கமில்லை, பகலில் அங்கே தூக்கமில்லை. ஒப்பந்த வேலை. இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால் நிரந்தரமாகிவிடும் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

கொட்டாவியை அடக்கிக்கொண்டு பிரதர் ஒப்பித்தார். "பதினொண்ணும் பன்னெண்டும் ராத்திரி இடம் மாத்தியாச்சு. கண்டக்டர் அம்மாவுக்கு ஜன்னல் சத்தத்துல தூக்கம் வரலை, தையல்காரம்மா ஜன்னல் பக்கம் போறேன்னாங்க. கட்டிலோட உருட்டி மாத்திட்டேன். சுவத்துல இருக்கற அட்டை மட்டும் பழைய இடத்துலயே இருக்கு. அதுக்குள்ள ஒம்பதாம் பெட்டுல வாந்தி. கிளிக்கா, அட்டையை நீங்க மாத்திடுங்க."

"பதினொண்ணும் பன்னெண்டும் கட்டிலோட இடம் மாத்தியாச்சு. சுவத்துல இருக்கற அட்டையை நான் மாத்தறேன்" என்றாள் கிளி.

ஏழு பேர் காதிலும் விழுந்தது. பெரிய சிஸ்டர் டிக் போட்டார்.

ஏழு முப்பத்தைந்துக்கு ஊசித் தட்டோடு கிளி ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள். சுவரில் பதினொன்று என்ற அட்டை. அதில் சர்க்கரை, இன்சுலின், பன்னிரண்டு யூனிட். கட்டிலில் ஒல்லியாக ஓர் அம்மாள். மணிக்கட்டில் கட்டியிருந்த பேர்ப் பட்டையை முறைப்படி திருப்பிப் பார்த்தாள். பார்த்தாளே தவிரப் படிக்கவில்லை. "ஊசி போடறேம்மா" என்றாள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் போடுவதையெல்லாம் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைக்கிற ரகம் அந்த அம்மாள். சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டினாள். போட்டாயிற்று.

அடுத்து ஐந்து கட்டில் பார்த்து முடித்துத் திரும்பும்போது பன்னிரண்டிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"சிஸ்டர், என்னை இறக்கி விட்டுட்டீங்களா? சாப்பாட்டு வண்டி வந்துடுச்சு, என் ஊசி இன்னும் வரலை."

கிளி கண்டக்டர் அம்மாவைப் பார்த்தாள். அவள் காலில் கட்டியிருந்த கட்டைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. சர்க்கரையே இல்லாத ஒல்லி உடம்பில், வெறும் வயிற்றில் பன்னிரண்டு யூனிட். கவனிக்காமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும், அதற்கு மேலே போனால் உயிரே போகும். இந்த இடத்தில் வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டும். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்க வேண்டும். கிளிக்கு ஒன்றுமே ஆகவில்லை. யாரோ எழுதிவைத்த பட்டியலைப் படிப்பதுபோல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் வரிசையாக வந்தது.

தையல்காரம்மாவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் குடிக்க வைத்தாள். விரலில் குத்திப் பார்த்தாள்: சர்க்கரை எழுபத்தொன்பது. டியூட்டி டாக்டரை போனில் கூப்பிட்டு, "பதினொண்ணுல நான் ஆளை மாத்தி இன்சுலின் போட்டுட்டேன், பன்னெண்டு யூனிட், ஏழு முப்பத்தஞ்சுக்கு" என்று, சிலிண்டர் காலி என்று சொல்கிற குரலில் சொன்னாள். அந்தப் பக்கம் டாக்டர் ஒரு கெட்ட வார்த்தையை முழுங்கினது கேட்டது.

எட்டரைக்கு நாற்பத்தெட்டு. தையல்காரம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. "அம்மா, அந்த பட்டனை எடும்மா, காஜா போடணும்" என்று கிளியிடம் கேட்டாள். ஏதோ பழைய ஆர்டர் தைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏறியது. கால் மணிக்கு ஒரு தடவை விரலில் குத்தல். ஐம்பத்தைந்து, எழுபது, அறுபத்திரண்டு, எண்பத்தைந்து. கிளி அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், ஆனால் பிடித்திருப்பது தன் கைதான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இவங்க செத்துப்போயிருந்தாலும் எனக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது. அதற்கும் பயம் வரவில்லை. அன்றைக்கு நடந்ததிலேயே மோசமானது அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் நூற்றுப் பதினைந்தில் வந்து நின்றது. டாக்டர் தையல்காரம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். கிளியும் பக்கத்தில் நின்று, "தப்பு என்னோடதும்மா, மன்னிச்சுக்குங்க" என்றாள்.

"நான்கூட ஒரு தடவை கல்யாண ஜாக்கெட்டை அளவு மாத்தி வெட்டிட்டேன்" என்றாள் அந்த அம்மாள். "போகட்டும். உசுரோடதானே இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

அதைக் கேட்டும் கிளியின் கண்ணில் மருந்துக்குக்கூட ஈரம் இல்லை.

மூன்று மணிக்குப் பெரிய சிஸ்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறை என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூலையில் உடைந்த சக்கர நாற்காலி ஒன்று. மேஜை மேல் இன்சிடென்ட் ஃபாரம். தவறு நடந்தால் செய்தவர் அதை நிரப்ப வேண்டும். மறுநாள் காலைக் கூட்டத்தில் தானே எழுந்து ஒரு நிமிஷத்தில் அதைப் படிக்க வேண்டும். எழுந்து என்பது பேச்சுக்குச் சொல்வது, எல்லோரும் நின்றுகொண்டுதானே இருக்கிறார்கள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு" என்றார் பெரிய சிஸ்டர். "கவனக்குறைவுன்னு எழுதினா உன்னை விசாரணை முடியற வரைக்கும் வெளிய உக்கார வெப்பாங்க. ஏற்கெனவே ஒரு ஆள் இல்லை. நீயும் போயிட்டா இந்த வார்டு படுத்துடும். ராத்திரி டியூட்டி சுவத்து அட்டையை மாத்தலைன்னு எழுது. பொய் இல்லையே. அவர் மாத்தலைதானே?"

"பிரதருக்கு என்ன ஆகும்?"

பெரிய சிஸ்டர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "ஒப்பந்தம்தானே. புதுப்பிக்க மாட்டாங்க. வேற இடம் கிடைக்கும், சின்ன வயசு. ராத்திரி டியூட்டி அட்டையை மாத்தலைன்னு எழுது, சரியா?"

"ராத்திரி டியூட்டி அட்டையை மாத்தலைன்னு எழுதறேன்" என்றாள் கிளி.

பழக்கதோஷம். வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. பெரிய சிஸ்டர் நிம்மதியாகத் தலையாட்டினார். கிளி திருப்பிச் சொல்லிவிட்டால் அது பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஃபாரத்தை நிரப்பினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து கையில் கிரீஸ் கறையோடு வந்தவர், தண்ணீர் குடித்துக்கொண்டே அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

"அட்டை மாத்தலைன்னு அந்தப் பையன் சொல்லலையா?"

"சொன்னார்."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான். கூட்டத்துல."

"அப்ப நீ கேட்டியா இல்லையா?"

"திருப்பிச் சொன்னேங்க."

"கேட்டியான்னு கேக்கறேன்."

கிளி பேனாவை மூடி வைத்தாள். அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். திட்டுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தவர் மாதிரி இருந்தார்.

"மூணு வாரமா என்கிட்டயும் அப்படித்தான் பண்றே. கேஸ் தீந்துடுச்சுன்னு சொன்னா, கேஸ் தீந்துடுச்சுங்கறே. பாப்பாவுக்கு நாளைக்கு ஸ்கூல் லீவுன்னு சொன்னா, பாப்பாவுக்கு நாளைக்கு லீவுங்கறே. காலையில ஆறு மணிக்கு அவளை எழுப்பி ஜடை பின்னி விட்டுட்டே. அது பாவம், கேக்கவும் பயந்துக்கிட்டு யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு." அவர் குரல் இறங்கியது. "எனக்கு பயமா இருக்கும்மா. உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"அதான் தெரியுதே" என்றார் அவர். எழுந்து கை கழுவப் போனார்.

கிளி ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்தாள். பிரதரின் இரட்டைக் குழந்தைகளை நினைத்துப் பார்த்தாள். போன மாதம் போட்டோ காட்டியிருந்தார். இரண்டும் ஒரே மாதிரி, ஒன்றின் மூக்கில் மட்டும் ஒரு கீறல். பாவம் என்று ஒரு சொல் மனதில் வந்தது. சொல் வந்ததே ஒழிய அதன் பின்னால் வேறெதுவும் வரவில்லை. நாளைக்கு இதைப் படித்துவிட்டால் அவர் வேலை போய்விடும், தன் வேலை தங்கிவிடும், இரண்டில் எதுவும் தன்னைத் தொடப் போவதில்லை. அப்படியே தூங்கியும் போனாள். நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் ஏழு மணி. நடைபாதையில் ஏழு பேர், இடது பக்கம் ஓர் ஆள் இடம் காலி. பெரிய சிஸ்டர் டைமரைத் திருகினார். பிரதர் நேற்றைவிட மோசமாக இருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது, ஃபாரத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் எட்டவில்லை.

அவர் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பகல் டியூட்டிக்காரர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்து இன்னமும் 'புதுசு' என்றே அழைக்கப்படுகிற நர்ஸ் நாலையும் ஐந்தையும் வாங்கிக்கொண்டாள். பதினொன்று வந்ததும் பிரதர் தாளை இறக்கினார்.

"தையல்காரம்மா ராத்திரி நல்லாத் தூங்கினாங்க. சர்க்கரை ஆறு தடவை பாத்தேன், எல்லாம் சரியா இருக்கு." கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அப்புறம், கட்டிலை மாத்தின கையோட நான் அட்டையையும் மாத்தியிருக்கணும். அதுக்கு ரெண்டு நிமிஷம் ஆயிருக்காது. தப்பு என்னோடது. கிளிக்கா மேல எதுவும் இல்லை."

பெரிய சிஸ்டர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது அப்பட்டமாகத் தெரிந்தது. கட்டாயப்படுத்தாமலே காரியம் முடிந்துவிட்டது.

"கிளி, திருப்பிச் சொல்லு" என்றார்.

கிளி வாயைத் திறந்தாள். "தையல்காரம்மா ராத்திரி நல்லாத் தூங்கினாங்க. சர்க்கரை ஆறு தடவை பாத்தாச்சு. தப்பு..."

நின்றுவிட்டது. பிரதர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னவர் முகத்தில் கோபம் இல்லை, தியாகமும் இல்லை, வெறும் களைப்பு. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். நேற்று ராத்திரி முழுக்க அந்த அம்மாளின் விரலைக் குத்திக் குத்திப் பார்த்தபடி, நான்தானே, நான்தானே என்று நினைத்திருக்கிறார். கிளி செய்த தப்பு வலிக்க வேண்டிய இடத்தில், கிளிக்குப் பதிலாக அவருக்கு வலித்திருக்கிறது.

"தப்பு என்னோடது" என்றாள் கிளி.

"அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்றார் பெரிய சிஸ்டர்.

"அவர் சொன்னது தப்பு சிஸ்டர். நேத்து இதே இடத்துல அவர் அட்டை மாத்தலைன்னு சொன்னார். மாத்துங்கன்னும் சொன்னார். நான் மாத்தறேன்னு சொன்னேன். நீங்க டிக் போட்டீங்க." அவள் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து, படிக்காமல், துணி அலமாரி மேல் வைத்தாள். "என் வாய்தான் சொல்லுச்சு. எனக்குள்ள எதுவும் போகலை. மூணு வாரமா எதுவும் போகலை. நீங்க சொல்றது, டாக்டர் சொல்றது, வீட்டுல சொல்றது, எதுவுமே. அந்தம்மா நடுங்கறாங்க, நான் கையைப் பிடிச்சிருக்கேன், எனக்கு ஒண்ணுமே தெரியலை. என்னை நம்பி நாலு பெட்டை விட்டுருக்கீங்க. நம்பாதீங்க."

ட்ராலி தள்ளும் அண்ணன் தொண்டையைச் செருமினார். புதுசு தரையைப் பார்த்தாள்.

"கிளி, இதை அப்புறமா என் ரூம்ல பேசலாம்" என்றார் பெரிய சிஸ்டர், தணிந்த குரலில்.

"இங்கதான் சிஸ்டர் சொன்னீங்க. வாண்டு செத்துப்போயிட்டா, அவ பெட்டை நான் பாத்துக்கணும்னு. ஒரே மூச்சுல சொன்னீங்க. நான் பெட்டை மட்டும் திருப்பிச் சொன்னேன். முன்னாடி சொன்னதை நானும் சொல்லலை, இங்க யாருமே சொல்லலை." அவள் சுவரில் ஒட்டியிருந்த பழுப்புத் தாளைக் காட்டினாள். "உங்க விதிதான். அப்படின்னா இன்னும் யாருக்கும் அதைச் சொல்லலைன்னுதானே அர்த்தம்?"

டைமர் கத்தியது.

கிறீச்சென்று, எப்போதும்போல. பதினோரு வருஷப் பழக்கத்தில் இரண்டு பேர் காலை எடுத்துவிட்டார்கள். பெரிய சிஸ்டர் நகரவில்லை என்று கண்டதும் எடுத்த காலை வைத்துவிட்டு நின்றார்கள். டைமர் இடுப்பில் கத்திக்கொண்டே இருந்தது. அதை அணைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரல் சரியாகப் படவில்லை.

"நான் அன்னிக்கு லேட்னு எழுதினேன்" என்றார் பெரிய சிஸ்டர். "சிவப்பு மையில. இன்னும் பதிவேட்டுல அப்படியேதான் இருக்கு. அடிக்கவும் முடியலை, பாக்கவும் முடியலை. அந்தப் பக்கத்தை பேப்பர் க்ளிப் போட்டு மூடி வெச்சிருக்கேன்." அவர் கையிலிருந்த தாளை நாலாக மடித்தார். பிறகு, வார்டு விவரம் சொல்கிற அதே நேரான குரலில் சொல்லப் பார்த்தார். குரல் நேராக வரவில்லை.

"வாண்டு செத்துப்போயிட்டா."

பிரதர்தான் ஆரம்பித்தார், விதிப்படி, சொன்னது சொன்னபடி.

"வாண்டு அக்கா செத்துப்போயிட்டாங்க."

"வாண்டு செத்துப்போயிட்டா" என்றார் ட்ராலி அண்ணன். அவர்தான் அவளுக்கு அந்த முக்காலியை வாங்கிக்கொடுத்தவர். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராத்திரி டியூட்டியில் பிரதரோடு இருந்தவள் சொன்னாள். பகல் டியூட்டியில் இன்னொருத்தி சொன்னாள். புதுசுக்கு முதல் தடவை குரலே எழும்பவில்லை. மறுபடி சொன்னாள், அழுதுகொண்டே முழுசாகச் சொல்லி முடித்தாள். நாலாம் கட்டிலில் யாரோ மணியடித்தார்கள். வழக்கமாக மூன்றாவது மணிக்குள் யாராவது ஓடியிருப்பார்கள். "ஒரு நிமிஷம்மா, வந்துட்டோம்" என்று பெரிய சிஸ்டரே உரக்கக் குரல் கொடுத்தார்.

வட்டம் சுற்றி வந்து கிளியிடம் நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷமாக எதைக் கொடுத்தாலும் ஒரு எழுத்துக் குறையாமல் திருப்பிக் கொடுத்த வாய். இரண்டே வார்த்தை.

"வாண்டு" என்றாள்.

இடது பக்கம், விலாவுக்கு நேராக, யாரும் விரலால் குத்தவில்லை. அடுத்த வார்த்தைக்கு அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. மறுபடி முயன்றாள். கண்ணீரில் மேல்சட்டையின் முன்பக்கம் நனைந்தது, கால் இரண்டும் வலித்தன. மூன்று வாரமாக நின்ற கால்கள், அவ்வளவும் சேர்த்து வலித்தன.

"அவசரமில்லை, மெதுவா சொல்லு" என்றார் பெரிய சிஸ்டர். டைமரை எடுத்து மடித்த துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்து, அந்தக் காலி இடத்தில், கிளிக்குப் பக்கத்தில் நின்றார்.

கிளியால் சொல்லவே முடியவில்லை.